மோட்டாரை நிறுத்தாதீங்க, சத்தத்தை நிறுத்துங்க!



நூலகத்து மீன்தொட்டியை ஓட விடலாமா, நிறுத்தலாமா? இப்ப நம்ம பள்ளிக்கூடத்துல நடக்கிற பெரிய பட்டிமன்றமே இதுதான். "களக்... களக்... சர்ர்ர்"னு நாள் முழுக்க ஒரே சத்தம். ஒரு பத்தி படிக்கிறதுக்குள்ள மூணு தடவை கவனம் சிதறுது என்று பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான். நூலகம் என்றால் அமைதி வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் அதற்குச் சொல்லப்படும் வழிகளைக் கேட்டால்தான் பகீர்னு இருக்கு.

1. நூலகம் திறந்திருக்கும் நேரம் முழுக்க மோட்டாரை நிறுத்தி வைப்பது.
2. சத்தம் வர்ற குழாய் வாயில துணியை அடைச்சுடறது.
3. தொட்டியையே யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவது.

இந்த மூன்றும் வேண்டாம் என்பது என் கருத்து. ஏன்னு சொல்றேன், பொறுமையா படிங்க.

மோட்டாரை நிறுத்தினா என்ன ஆகும்?

நம்ம தொட்டி 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். கணக்குப் போட்டால் 9 கன அடி. அதாவது விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 255 லிட்டர். பார்க்கப் பெரிசா இருந்தாலும் மீனுக்கு இது ஒரு சின்ன அறைதான். மீன்கள் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகின்றன. அது அவற்றுக்கே விஷம். அந்த விஷத்தை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள். அவை குடியிருப்பது தொட்டிக்கு அடியில், அலமாரிக்குள் இருக்கும் சம்ப்பில் போட்டிருக்கிற ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும்தான்.

இந்தப் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஓடுகிற தண்ணீர்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 4½ மணிக்குப் போட்டால் தினமும் ஏழரை மணி நேரம் அந்தக் குடியிருப்புக்கு மூச்சு முட்டும். "கரண்ட் போகும்போது மட்டும் மீன் சாகலையே?" என்று ஒருத்தர் கேட்டார். ஒரு மணி நேரக் கரண்ட் கட் வேறு, தினமும் ஏழரை மணி நேரம் வேறு. அதோட இன்னொண்ணு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாராவது சுவிட்சைப் போட மறந்தால், திங்கட்கிழமை காலையில்தான் கவனிப்போம். அன்னைக்கு நூலகம் ரொம்ப அமைதியாத்தான் இருக்கும்!

உங்களுக்குத் தெரியுமா?
20 டிகிரி செல்சியஸ் நல்ல தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7½ மில்லிகிராம்தான். நம்ம ஊர் வெயிலுக்குத் தொட்டி மீன்கள் ஏற்கெனவே குறைந்த ரேஷனில்தான் வாழ்கின்றன.

துணி அடைச்சா என்ன ஆகும்?

ஏரிக்குக் கலிங்கு எதுக்கு இருக்குன்னு கிராமத்துல இருந்து வர்ற எல்லோருக்கும் தெரியும். மிஞ்சிய தண்ணீர் அது வழியாப் போகலேன்னா கரை உடையும். நம்ம தொட்டியின் மூலையில், கண்ணாடித் தடுப்புக்குள் நிற்கும் குழாய்தான் தொட்டிக்குக் கலிங்கு. கீழே இருந்து பம்பு ஏத்துற தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் இறங்கணும். அதை அடைத்தால் பம்பு பாட்டுக்கு ஏத்திக்கிட்டே இருக்கும். தண்ணீர் விளிம்பு தாண்டும். பக்கத்து அலமாரியில் இருப்பது கலைக்களஞ்சியங்கள். கலிங்கு சத்தம் போடுதுன்னு யாராவது கலிங்கை அடைப்பாங்களா?

சரி, சத்தம் ஏன் வருது?

நிறைந்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். 'களக் களக்' என்று விட்டுவிட்டுக் கொட்டும். தண்ணீர் வெளியே வர, காற்று உள்ளே போக, இரண்டுக்கும் ஒரே வாசல். நெரிசல் நேர பஸ் படிக்கட்டு மாதிரி இறங்குறவங்களும் ஏறுறவங்களும் முட்டிக்கொள்கிறார்கள். எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் திக்கித் திக்கி ஊற்றும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சீராக ஒழுகும். அம்மாக்கள் எல்லோருக்கும் தெரிந்த இயற்பியல் இது.

நம்ம குழாயிலும் இதே கதைதான். வாய் திறந்த வெறும் குழாய் நிற்கிறது. தண்ணீர் சுழன்று இறங்கும்போது காற்றையும் இழுக்கிறது. சில நேரம் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி சைபன் ஆகிவிடும். உடனே மடமடவென்று உறிஞ்சும். தடுப்புக்குள் மட்டம் இறங்கும். காற்று புகுந்து சைபன் உடையும். மறுபடி மட்டம் ஏறும். இளநீர் தீரும்போது ஸ்ட்ராவில் வருமே 'சர்ர்ர்', அதே சத்தம். இதோடு தடுப்புக்குள் தண்ணீர் உயரத்திலிருந்து விழும் சத்தம் ஒன்று, கீழே சம்ப்பில் கொட்டும் சத்தம் இன்னொன்று. ஆக மொத்தம் மூன்று. மூன்றுக்கும் மருந்து இருக்கு.

மருந்து என்ன?

மீன்தொட்டி வளர்ப்பவர்கள் பல வருஷமாகப் பயன்படுத்தும் அமைப்பு ஒன்று உண்டு. 'டர்சோ குழாய்' என்பார்கள். நிற்கும் குழாயின் தலையில் ஒரு டீ. டீயின் பக்கவாட்டுக் கையில் கீழே பார்த்த மாதிரி ஒரு எல்போ. டீயின் மேல்வாயை எண்ட் கேப் போட்டு மூடி, அந்த மூடியில் ஒரு சின்ன ஓட்டை. அவ்வளவுதான்! எல்லாமே பிளம்பிங் சாமான் கடையில் கிடைக்கிற பிவிசி துண்டுகள்.

இப்ப தண்ணீர், மட்டத்துக்குக் கீழே மூழ்கியிருக்கும் எல்போ வழியாகப் போகும். அதனால் சுழல் காற்றை இழுக்காது. காற்றுக்கு மூடியில் தனி வாசல். தடுப்புக்குள் தண்ணீர் மட்டமும் டீயின் கை உயரம் வரை ஏறி நிற்கும். எனவே அங்கே தண்ணீர் விழும் உயரம் குறையும். ஒரே வேலையில் இரண்டு சத்தம் அடங்கும்.

ஓட்டையின் அளவில்தான் சூட்சுமம். முதலில் 3 மில்லிமீட்டர் அளவில் சின்னதாகப் போட வேண்டும். மட்டம் ஏறி இறங்கி, திடீர் திடீரென்று உறிஞ்சினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கலாம். எடுத்ததும் பெரிசாப் போட்டுட்டா அப்புறம் சின்னதாக்க முடியாது! அந்த ஓட்டையில் காற்றுக் குழாய்க்குப் போடும் குட்டி வால்வைச் செருகினால் திருகித் திருகியே சரிபார்க்கலாம். டீ, எல்போ, மூடி எதையும் பசை போட்டு ஒட்டக் கூடாது. அழுத்திச் செருகினாலே போதும், கழற்றிக் கழுவணும் இல்லையா?

மூன்றாவது சத்தத்துக்கு, கீழே சம்ப்பில் குழாயின் முனை தண்ணீருக்குள் ஓர் அங்குலம் மூழ்கினால் போதும். ரொம்ப ஆழமாகப் போனால் கூட வருகிற காற்று வெளியேற வழியில்லாமல் 'பொளக் பொளக்'னு ஏப்பம் விடும்.

வேலை முடிந்ததும் சுவிட்சை மூன்று தடவை நிறுத்திப் போட்டுப் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது மேலிருந்து இறங்கும் தண்ணீரைச் சம்ப் தாங்குகிறதா, போட்டதும் குழாய் தானாகவே சீராகிறதா என்று தெரிந்துவிடும். கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது முக்கியம்.

சிலர் சொல்கிறார்கள்...

"குழாயில் ஒரு வால்வு போட்டு இறுக்கினால் சத்தமே வராதே?" உண்மைதான். வால்வால் முழுச் சைபன் ஆக்கும் முறை இதைவிட அமைதியானது. ஆனால் அதற்கு அவசரத்துக்கு இரண்டாவதாக ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். நம்ம தொட்டியில் இறங்கு குழாய் ஒன்றுதான். இறுக்கிய வால்வில் ஒரு நத்தையோ இலையோ மாட்டினால் போச்சு, கலைக்களஞ்சியம் நனைஞ்சுடும்.

"அப்போ சத்தம் சுத்தமா நின்னுடுமா?" நிற்காது. பம்பின் மெல்லிய ரீங்காரம் இருக்கும். ஆனால் மின்விசிறிச் சத்தத்தில் அது அமுங்கிவிடும். மின்விசிறியை யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே?

முடிவாக

சத்தம் போடுகிற மாணவனை வெளியே நிற்க வைத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். அவன் ஏன் சத்தம் போட்டான் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. தொட்டி விஷயத்திலும் நாம் அதையேதான் செய்யப் பார்க்கிறோம். அது காற்றுக்கு ஒரு வழி கேட்கிறது. நாமோ அதன் வாயை அடைக்கப் பார்க்கிறோம்.

தலைமையாசிரியர் ஐயாவுக்கும் நூலக அம்மாவுக்கும் என் பணிவான வேண்டுகோள். தொட்டியைக் கொடுப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை மட்டும் அனுமதி கொடுங்கள். பிளம்பர் அண்ணன் துணையோடு இதைச் செய்து பார்ப்போம். திங்கட்கிழமை பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன்களும் அக்காக்களும் வந்து உட்கார்ந்து படிக்கட்டும். தீர்ப்பை அவர்களே சொல்லட்டும். அப்பவும் தொல்லைதான் என்றால் நானே தொட்டியைத் தூக்க ஒரு கை பிடிக்கிறேன்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் தாளில் எழுதலாம். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது. தயவுசெய்து அதை எடுத்துட்டுப் போயிடாதீங்க!

– பதினோராம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு