மந்திரிப்புக்கு முந்தைய தூசி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்வதில்லை. கரையேற்றிய படகின் அடிப்பாகத்தைச் சுரண்டித் தேய்த்துப் புது வர்ணம் பூசும் காலம் அது. வேலை முடிந்ததும் மந்திரிக்க அழைப்பு வருகிறது. அணியத்தில் புனிதரின் பெயர் பளபளக்கிறது. குருக்களாகிய நாமும் செபித்துத் தீர்த்தம் தெளித்துத் திரும்பிவிடுகிறோம். அந்தப் பளபளப்புக்கு முன் அங்கே என்ன நடந்தது என்று கேட்டோமா?

கொட்டலசு ஒட்டிய படகு வேகம் குன்றும். டீசலை அதிகம் குடிக்கும். அது ஒட்டாதிருக்கத் தாமிர ஆக்சைடு கலந்த நச்சு வர்ணத்தை அடியில் பூசுகிறார்கள். பழைய பூச்சைத் தேய்த்தெடுத்தால்தான் புதியது பிடிக்கும். தேய்ப்பவர் யார்? பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த இளைஞர். படகின் கீழே குனிந்தும் மல்லாந்தும் அவர் தேய்க்க, தூசி முழுவதும் அவர் முகத்திலேயே விழுகிறது. மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. நுண்தூசியை அது தடுக்காது. கொட்டலசைக் கொல்வதற்கென்றே செய்த நஞ்சு அவர் நெஞ்சுக்குள் மட்டும் அமுதமாகிவிடுமோ? ஃபைபர் படகானால் கண்ணாடியிழைத் துகளும் சேர்ந்து தோலை அரிக்கிறது.

"நம் முன்னோர் செய்யாததா?" என்பாருண்டு. செய்யவில்லை என்பதே உண்மை. அவர்கள் கட்டுமரத்தை அவிழ்த்து வெயிலில் உலர்த்தினார்கள். வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசினார்கள். நச்சு வர்ணத்தை அவர்கள் அறியார்.

செலவாகும் என்பதும் சாக்கே. நீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளும் ஒரு வாளித் தண்ணீரும் தூசியைப் பெரிதும் அடக்கிவிடும். (மின்சார எந்திரத்தோடு தண்ணீரைச் சேர்க்கச் சொல்லவில்லை; அது உயிருக்கே ஆபத்து.) எந்திரந்தான் வேண்டுமென்றால் வடிகட்டியுள்ள முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கித் தரட்டும். வழியும் சேறு கடலில் கலவாதபடி கீழே தார்ப்பாய் விரிக்கட்டும். கையால் தேய்த்தால் நாட்கள் கூடுமாம்! 61 நாட்கள் போதவில்லையா?

தொழிலாளியின் வலிமைக்கு மிஞ்சிய வேலை வாங்குவது அநீதி என்று திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இலேயே எழுதினார். அத்திருமடலின் நூற்றாண்டைக் கொண்டாடிய திருச்சபை நம்முடையது. படகுக்கு வர்ணம் வாங்கக் கணக்குப் பார்க்காத நாம், முகக்கவசம் என்றதும் கணக்குப் பார்க்கிறோம்.

அடுத்த முறை மந்திரிக்க அழைப்பு வரும்போது, தீர்த்தச் செம்பைக் கையிலெடுக்குமுன் அந்தப் படகைத் தேய்த்தவரை அழைத்து வரச் சொல்வோம். எதைக் கட்டிக்கொண்டு தேய்த்தார் என்று உரிமையாளர் முன்னிலையிலேயே அவரைக் கேட்போம்.