வேண்டாம் எண்டு சொல்ல விடுவமா?

'ட்ரயல்' என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் முதலில் எழுகிற கேள்வி, "உங்களை வச்சுப் பரிசோதிக்கப் போகினமோ?" என்பதுதான். அந்தப் பயத்தை நாங்கள் பகிடி பண்ணவில்லை. ஆனால் இது எங்கேயோ வெளிநாட்டில் மட்டும் நடக்கிற விசயமில்லை. 2016-17இல் இலங்கையின் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 'ட்ரயம்ப்' என்றொரு ஆய்வு நடந்தது. பிரஷர் உள்ள 700 பேர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் சேர்த்த ஒரே குளிசை, மற்றவர்களுக்கு வழமையான வைத்தியம். ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் சுமார் 70 வீதமானோருக்கும், மற்றவர்களில் 55 வீதமானோருக்கும் பிரஷர் இலக்குக்குள் வந்திருந்தது. முடிவுகள் 2018இல் வெளிவந்தன.

அந்த 700 பேரில் 403 பேர் பெண்கள். இந்த எண்தான் எங்களை யோசிக்க வைக்குது. ஏனென்றால் எங்கட கிளினிக்குகளில் டொக்டர் மனுசியைப் பார்த்துக் கேட்பார், பதில் மனுசனிட்ட இருந்து வரும். "இவவுக்கு இதுகள் விளங்காது, எங்க சைன் வைக்கிறது எண்டு காட்டுங்கோ." கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் ட்ரயலில் அது செல்லாது. சுயநினைவோடு இருக்கிற வளர்ந்த ஒருத்தரின் சம்மதத்தை அவரே தரவேணும். கணவனோ மனைவியோ பக்கத்தில் இருக்கலாம், கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். இடையில் விலகுவதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினால் வழமையான வைத்தியம் நிற்கவும் கூடாது. 1964இல் தொடங்கி இன்றுவரை திருத்தப்பட்டு வருகிற ஹெல்சிங்கி பிரகடனம் சொல்வதும் இதைத்தான்.

காகிதத்தில் இருக்கிற உரிமை வீட்டில் எப்படிப் போகுது எண்டு பாருங்கோ. விடிய நாலு மணிக்கு எழும்பி, லீவு போட்டு, பிள்ளைகளை அம்மம்மாவிட்ட விட்டிட்டு, பஸ் மாறி மாறி வந்த துணை ஒருநாள் அலுத்துப்போய்ச் சொல்லுது: "இவ்வளவு பாடுபட்டிட்டு இப்ப விடப்போறீங்களோ?" அதுக்குப் பிறகு ஆர் விலகுவினம்? எந்த டொக்டரும் சொல்லாத வற்புறுத்தல் அது. அன்பில் வாறதால இன்னும் பலமானது. ஆகவே துணையாக இருப்பவரின் பெரிய வேலை, குளிசை எடுத்துக் கொடுக்கிறதை விட, "வேண்டாம்" என்ற சொல்லுக்கு வீட்டில் இடம் வைத்திருப்பதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சின்ன வேலைகளும் இருக்கு. மிஞ்சின குளிசைகளை எறியாமல் திருப்பிக் கொண்டுபோக வேணும், எண்ணிப் பார்ப்பினம். சில ஆய்வுகளில் கிடைப்பது புது மருந்தா, வெறும் குளிசையா எண்டு டொக்டருக்கே தெரியாது. நாங்கள் நிறத்தைப் பார்த்து ஊகிக்கத் தேவையில்லை. தலைச்சுத்து, வயித்துப்பிரட்டு எண்டால் சின்ன விசயம்தானே எண்டு விடாமல் திகதியோடு கொப்பியில் எழுதுங்கோ. இன்னொன்று, இரகசியமாகக் குடிக்கிற கசாயம். மாமி அவித்துத் தந்ததைச் சொன்னால் ட்ரயலில் இருந்து எடுத்துப்போடுவினம் எண்டு ஒளிக்கிற ஆக்கள் இருக்கினம். ஒளிச்சால் மருந்தோடு மருந்து மோதி ஆபத்து வரலாம். சொல்லியே ஆகவேணும்.

ஒருவரும் வாய்திறக்காத பக்கமும் படிவத்தில் உண்டு. பல மருந்து ஆய்வுகள் அந்தக் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று கேட்கும். சிலதில் ஆண் நோயாளியின் மனைவிக்கும் அது பொருந்தும். அப்ப இது இரண்டு பேரின்ர உடம்புச் சங்கதி. மாமிக்கு முன்னால், நேர்ஸ் அவசரப்படுத்தேக்க, ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வாற விசயமில்லை.

படிவம் தமிழில் இல்லையெண்டால் தமிழில் கேளுங்கோ. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டு வாறம் எண்டு சொல்லுங்கோ. இரவு சாப்பிட்ட பிறகு இரண்டு பேரும் இருந்து சத்தமாக வாசிக்கலாம். விளங்காத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கோ. அடுத்த கிளினிக்கில் அந்தக் கோடுகளைப் பற்றி நோயாளியே கேட்கட்டும்.