துப்பாக்கிப் பயிற்சியும் வேலூர்ப் புரட்சியும்



அமெரிக்காவில் ஒரு ஏற்பாடு நடந்து வருகிறது. ஆப்பிள்சீட் திட்டம் என்று அதற்குப் பெயர். சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களில் ஆண், பெண், சிறுவர் என்கிற பேதமில்லாமல் ஒரு சுடுதளத்தில் கூடி, ரைபிள் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடக் கற்றுக் கொள்கிறார்கள். சுட்டு ஓய்ந்து உட்காருகிற நேரத்தில் 1775ஆம் வருஷம் ஏப்ரல் 19ஆம் தேதி நடந்த சங்கதி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அன்று விடியற்காலையில் லெக்சிங்டன் என்னும் கிராமத்தில் சுமார் 77 குடியானவர்களும் தொழிலாளிகளும் ஏறக்குறைய 700 பேர் கொண்ட வெள்ளைக்காரத் துருப்பை எதிர்த்து நின்றார்கள். எட்டுப் பேர் மாண்டார்கள். ஆனாலும் அன்று மாலைக்குள் அத்துருப்பு வழி நெடுக அடிபட்டு பாஸ்டன் நகருக்குத் திரும்பி ஓட நேர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் இன்றைய அமெரிக்கக் குடியரசு.

இதைக் கேட்ட நமது வாலிபர்கள் சிலர், “நமக்கும் இப்படி ஒன்று இருந்தால் என்ன? ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் காட்பாடி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வேலூர்க் கோட்டை. நமக்கு மட்டும் சரித்திரம் இல்லையா?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. இருக்கட்டும் என்பதுதான் நமது அபிப்பிராயம். ஆனால் எப்படிப்பட்ட பயிற்சி, எப்படிப்பட்ட சரித்திரம் என்பதில்தான் நாம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் துப்பாக்கியைப் பற்றிப் பார்ப்போம். நம் நாட்டில் ஆயுதம் என்றவுடன் அதைக் கும்பிட வேண்டும் என்பதுதான் நமக்குத் தெரியுமேயொழிய, அதைப் பற்றி அறிய வேண்டும் என்பது தெரியாது. ஆயுத பூஜை என்று ஒரு நாள் வந்துவிட்டால் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் நடக்கின்றன. நாம் கேட்கிறோம்: குங்குமம் வைத்த துப்பாக்கி நேராகச் சுடுமா? குழாய்க்குள் போன குங்குமத் தூளால் துருவும் அடைப்பும் வருமே தவிர வேறென்ன வரும்? துப்பாக்கிக்கு வேண்டியது எண்ணெயும் துணியும். அதைப் பிடிப்பவனுக்கு வேண்டியது கணக்கும் ஒழுங்கும்.

கணக்கு என்று ஏன் சொல்லுகிறோம் என்றால், குறி பார்ப்பது முழுவதும் கணக்குதான். துப்பாக்கியின் பின்புறத்தில் ஒரு பிளவும் முன்புறத்தில் ஒரு முனையும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் அரை மீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். முன் முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டருக்கு அப்பால் குண்டு 5 சென்டிமீட்டர் விலகிப் படும். 100 மீட்டருக்கு அப்பால் 20 சென்டிமீட்டர் விலகிப் படும். இதற்கு எந்தச் சாமியும் பொறுப்பல்ல. கண் ஒரே நேரத்தில் பக்கத்தையும் தூரத்தையும் தெளிவாகப் பார்க்காது. ஆதலால் முன் முனையைத் தெளிவாகவும் குறியை மங்கலாகவும் பார்க்கப் பழக வேண்டும். மூச்சு உள்ளே போனால் மார்பு ஏறும், குழாய் இறங்கும். ஆதலால் மூச்சு வெளியே போய் நிற்கிற அந்த ஒரு நொடியில் விசையை இழுக்க வேண்டும். அதையும் வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். புஜத்தில் வாரை இறுக்கிக் கட்டி, முழங்கையைத் தரையில் ஊன்றி, எலும்பே துப்பாக்கியைத் தாங்கும்படி படுக்க வேண்டும். இவ்வளவையும் செய்தவன் இராகுகாலத்தில் சுட்டாலும் குண்டு குறியில்தான் படும். செய்யாதவன் அமிர்த யோகத்தில் சுட்டாலும் மண்மேட்டில்தான் படும். ஒரு வாலிபன் இதை ஒரே நாளில் தன் கண்ணால் கண்டுவிட்டான் என்றால், பஞ்சாங்கத்தைப் பற்றி நாம் பத்து மேடையில் பேசுகிற பேச்சு அவனுக்கு மிச்சம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குண்டு ஜாதி பார்ப்பதில்லை. ஆனால் துப்பாக்கியை யார் கையில் கொடுப்பது என்பதில் மாத்திரம் ஜாதி பார்த்தார்கள். சென்னைப் பட்டாளத்தில் ஆதியில் ஆதிதிராவிடத் தோழர்கள் ஏராளமாய் இருந்தார்கள். பின்னால் 1881 முதல் 1885 வரை சென்னைச் சேனைக்கும், 1885 முதல் 1893 வரை இந்தியச் சேனை முழுவதற்கும் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் துரையும் அவரைச் சேர்ந்தவர்களும் “வீர ஜாதி” என்று ஒரு சாஸ்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். வடக்கே சில ஜாதிகள் பிறவியிலேயே சண்டைக்காரர்கள் என்றும், தெற்கத்தியான் உதவமாட்டான் என்றும் சொல்லிச் சென்னைச் சிப்பாய்களைக் குறைத்துக் கொண்டே வந்தார்கள். மனுவின் சாஸ்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவன் பிறப்பைப் பார்த்துப் படிப்பை மறுத்தான். இவன் பிறப்பைப் பார்த்துப் பட்டாளத்தை மறுத்தான். ஆனால் இரண்டாவது உலக யுத்தத்தில் ஆள் பஞ்சம் வந்தபோது, “உதவாத” அதே தெற்கத்தியானை ஆயிரக்கணக்கில் சேர்த்துக் கொண்டார்களே! அப்போது அந்தச் சாஸ்திரம் எங்கே போயிற்று?

பெண்களுக்குக் கை நடுங்கும் என்று சொல்லுகிறவர்களும் இருக்கிறார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் என்ற பெண் 2019இல் ரியோ நகரத்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் தங்கப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். கை நடுங்குகிறவர்களால் ஆகிற காரியமா அது?

நிற்க, சரித்திரத்துக்கு வருவோம்.

1806ஆம் வருஷம் ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டைத் தலைவரான பான்கோர்ட் துரையும், பல அதிகாரிகளும், நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்களும் மாண்டார்கள். திப்புவின் புலிக்கொடி கோட்டையில் ஏறியது. அப்போது திப்புவின் பிள்ளைகள் அந்தக் கோட்டையில்தான் சிறை வைக்கப்பட்டிருந்தார்கள். ஆனால் காலையிலேயே ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி என்ற அதிகாரி குதிரைப் படையுடன் வந்து சேர்ந்தார். வாசல் மாடியில் எஞ்சி நின்ற வெள்ளையர் விட்ட கயிற்றைப் பிடித்து மதிலேறினார். பீரங்கி வந்ததும் கதவு பிளந்தது. பிறகு நடந்தது யுத்தமல்ல, கொலை. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். சரணடைந்தவர்களையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு சிலரைப் பீரங்கி வாயில் கட்டிப் பிளந்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள், சிலரைக் கடல் கடத்தினார்கள்.

இதற்கு இப்போது வேலூரில் நினைவுத்தூண் இருக்கிறது. 2006இல் தபால்தலையும் வெளியிட்டார்கள். செய்ய வேண்டியதே. 1857க்கு ஐம்பத்தோரு வருஷம் முன்னால் தெற்கே நடந்ததை வடக்கத்தியான் எழுதுகிற சரித்திரம் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போவதை நாம் பொறுத்துக் கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சிப்பாய்கள் எதற்காக எழுந்தார்கள் என்று கேட்டால், “மதத்தைக் காக்க எழுந்தார்கள்” என்று சொல்லி மாலை போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கேதான் நமக்கு ஆட்சேபணை. 1805 நவம்பரில் சேனாதிபதி கிராடக் துரையின் அதிகாரத்தில் ஒரு உத்தரவு வந்தது. வேலை நேரத்தில் நெற்றியில் ஜாதிக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, மீசையை ஒரே மாதிரி கத்தரிக்க வேண்டும், பழைய தலைப்பாகைக்குப் பதிலாகத் தோலினால் ஆன குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்பது உத்தரவு. அந்தத் தோல் மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்று சந்தேகம் பிறந்தது. தலைப்பாகையை மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது.

தோலைக் கண்டு அருவருத்தார்கள் என்பதைத் தோல் வேலை செய்து பிழைக்கிற ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோழர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். அதே சிப்பாய் தோட்டா வைத்திருந்த பை எதனால் ஆனது? தோலால். அவன் ஊரில் கோயில் வாசலில் அடித்த மேளத்தில் கட்டியிருந்தது எது? தோல். இடுப்பில் இருந்தால் தோஷமில்லை, கோயிலில் இருந்தால் தோஷமில்லை, தலையில் வைத்தால் மாத்திரம் மதம் போய்விடுமா? தோல் தீட்டானால் அதைப் பதனிட்டவனும் தீட்டு என்றுதானே ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்தார்கள்? இன்றும் அவன் தைத்த செருப்பு கடல் கடந்து போய்ச் சீமைக்காரன் காலில் ஏறுகிறது. அவன் மாத்திரம் நம் ஊர்த் தெருவில் சில இடங்களில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை. இந்தத் தீட்டுப் பைத்தியத்தையும் சேர்த்து, “வீரம்” என்று வாலிபர்களுக்குக் கற்றுக் கொடுப்பதானால், அந்தப் பயிற்சி நமக்கு வேண்டியதில்லை.

அப்படியானால் கிராடக் துரை செய்தது சரியா என்று கேட்பீர்கள். சரியல்ல என்றே சொல்லுகிறோம். ஜாதிக் குறியை அழிக்க வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் அழிக்கச் சொன்னது ஜாதி ஒழிய வேண்டும் என்பதற்காகவா? அணிவகுப்பில் எல்லோரும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக. நெற்றிக் குறியை அழிக்க வேண்டியது மனிதனுடைய சொந்த அறிவே தவிர, அந்நியனுடைய சவுக்கு அல்ல. சவுக்கால் அழித்த குறி மறுநாள் இரட்டிப்பாய் வரும். வேலூரில் அப்படித்தான் நடந்தது. கலவரத்துக்குப் பிறகு உத்தரவை ரத்து செய்தார்கள். கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் சீமைக்குத் திருப்பி அழைத்துக் கொண்டார்கள். குறியும் கடுக்கனும் மீண்டும் வந்துவிட்டன.

அதே பெண்டிங்தான் பிறகு கவர்னர் ஜெனரலாக வந்து, 1829இல் உடன்கட்டை ஏற்றுவதைச் சட்டத்தினால் நிறுத்தினார். ராம் மோகன் ராய் போன்ற உள்நாட்டவர்கள் முன்னதாகவே எழுதியும் பேசியும் ஜனங்களின் மனதைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். வைதீகர்கள் லண்டன் வரை அப்பீல் கொண்டு போயும் அச்சட்டம் நிலைத்தது. ஒரே மனிதர், இரண்டு உத்தரவு. ஒன்று அணிவகுப்பின் அழகுக்காக, மற்றொன்று ஒரு பெண்ணின் உயிருக்காக. எது நின்றது, எது விழுந்தது என்று பாருங்கள்.

மேலும், தலைப்பாகை ஒன்றுதான் காரணம் என்பதும் முழு உண்மையல்ல. எவ்வளவு காலம் உழைத்தாலும் இந்தியச் சிப்பாய் சுபேதாருக்கு மேல் ஏற முடியாது. நேற்று வந்த வெள்ளைக்காரப் பையனுக்கு நரைத்த தலை சுபேதார் சலாம் போட வேண்டும். அந்த அவமானம் நெஞ்சிலே புகைந்து கொண்டிருந்தது. அதில் தலைப்பாகை ஒரு நெருப்புப் பொறி. மதத்தின் பேரால் எழுந்தார்கள் என்று சொல்லி, மானத்தின் பேரால் எழுந்ததை மறைத்துவிடுகிறார்கள். அன்றியும் இந்துவும் முஸ்லிமும் ஒன்றாய் நின்றார்களே, அதை ஏன் யாரும் உரக்கச் சொல்லுவதில்லை?

தோற்றது ஏன் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். கோட்டையைப் பிடித்தவர்கள் கதவைக் காக்கத் தவறினார்கள். பலர் கொள்ளையில் இறங்கினார்கள். ஆற்காடு பக்கத்தில் இருப்பது தெரிந்தும் அந்த வழியை அடைக்க ஏற்பாடில்லை. கையில் துப்பாக்கி இருந்தது, ஆத்திரம் இருந்தது, ஒழுங்கு இல்லை. ஆகவே சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அமெரிக்கர்களும் தங்கள் சரித்திரத்தை முழுவதும் சொல்ல வேண்டியவர்களே. லெக்சிங்டனில் குண்டடி பட்டவர்களில் பிரின்ஸ் எஸ்டாபுரூக் என்ற நீக்ரோ அடிமையும் ஒருவர். எல்லா மனிதரும் சமம் என்று 1776இல் எழுதிய ஜெபர்சன் தம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தார். நாடு முழுவதும் அடிமைத்தனத்தை ஒழிக்க 1865 வரை ஆயிற்று. சுதந்திரம் வேறு, சமத்துவம் வேறு என்பது அங்கேயும் ருஜுவாகியிருக்கிறது.

“துப்பாக்கியைப் பழக்கினால் கொலை பெருகாதா?” என்று சில நண்பர்கள் பயப்படுகிறார்கள். பயம் அர்த்தமற்றதல்ல. அமெரிக்காவில் சமீப வருஷங்களில் வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் துப்பாக்கியால் மாண்டிருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. ஆதலால் வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. 1878இல் வெள்ளைக்காரன் போட்ட ஆயுதச் சட்டம் அவனுக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்று இருந்தது. 1959ஆம் வருஷத்துச் சட்டம் அந்தப் பேதத்தை எடுத்துவிட்டு லைசென்ஸ் முறையை வைத்திருக்கிறது. அந்த முறை இருக்கட்டும். நாம் கேட்பது 1948 முதல் இருந்து வருகிற தேசிய மாணவர் படையில் மாணவர்களுக்குக் கிடைக்கிற அந்தச் சிறு ரைபிள் பயிற்சி, கல்லூரி வாசலை மிதிக்காத தோல் ஷாப்புத் தொழிலாளிக்கும், ரயில்வேக் கூலியின் மகளுக்கும் இரண்டு நாள் கிடைக்கக் கூடாதா என்பதுதான். சர்க்கார் சுடுதளத்தில், சர்க்கார் துப்பாக்கியில், சர்க்கார் ஆசிரியர் மேற்பார்வையில் நடக்கட்டும். மாலையில் துப்பாக்கியை எண்ணி வாங்கிப் பூட்டிக் கொள்ளட்டும்.

பயிற்சியின் முதல் பாடமே அடக்கம். எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியதாகவே எண்ண வேண்டும். சுட விரும்பாத பக்கம் குழாயைத் திருப்பக் கூடாது. குறியும் அதன் பின்னால் இருப்பதும் தெரியாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது. இந்த மூன்றும் பழகியவன் துப்பாக்கியை மாத்திரமல்ல, தன் கோபத்தையும் அடக்கப் பழகுகிறான்.

ஆகவே சனிக்கிழமை கோட்டையில் சரித்திரம், ஞாயிற்றுக்கிழமை தளத்தில் குறி என்று வைத்துக் கொள்ளலாம். முன் வரிசை, பின் வரிசை கூடாது. யார் எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. எல்லோருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. துப்பாக்கி வாரைத் தைத்த தோழனே அதைப் புஜத்தில் கட்டிக் கொண்டு முதல் குண்டைச் சுடட்டும். பூஜை போட வருகிறவர்களுக்கு மாத்திரம் அங்கே வேலை இல்லை.

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் வாலிபர்கள் இதை யோசித்து, ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுத் தீர்மானம் செய்து, கலெக்டருக்கும் சட்டசபை அங்கத்தினர்களுக்கும் அனுப்புவார்களாக.