இதயத்துக்கும் கந்துவட்டி

"அப்பப்போ படபடன்னு அடிக்குது, அப்புறம் தானா சரியாயிடுது" என்பார்கள் பலர். அந்தத் 'தானா சரியாயிடுது'தான் வில்லங்கமே!

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரிட்ஸ் அலெஸி குழுவினர் வெள்ளாடுகளுக்கு (பாவம்தான்) ஒரு கருவி பொருத்தி, நடுக்கம் நின்றபோதெல்லாம் மறுபடி தூண்டிவிட்டார்கள். ஆரம்பத்தில் சில நொடிகளில் அடங்கியது. ஓரிரு வாரத்தில் பெரும்பாலான ஆடுகளுக்கு 24 மணி நேரத்தையும் தாண்டி நீடித்தது. 1995-ல் வெளியான முடிவு இது. அதாவது நடுக்கமே அடுத்த நடுக்கத்தை வளர்க்கிறது, கட்டாத கந்துவட்டி மாதிரி.

முதலில் மாறுவது இதயத்தின் மின்சாரம் மட்டும்தான். அதைத் திருப்பிவிடலாம். வருடக்கணக்கில் விட்டால் மேலறை விரிந்து, தசைக்கு நடுவே நார்த்திசு படிகிறது. அதை முழுசாகத் திருப்புவது கஷ்டம். தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

2020-ல் வந்த ஈஸ்ட்-ஆஃப்நெட் 4 ஆய்வில், நோய் தெரிந்த ஒரு வருடத்துக்குள் துடிப்பைச் சீராக்கும் சிகிச்சையை ஆரம்பித்தவர்களுக்குப் பக்கவாதமும் இதயநோய் மரணமும் குறைந்தன. எனவே காத்திருப்பதில் அர்த்தமில்லை. படபடப்பு இருக்கும்போதே இ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும், அடங்கிய பிறகு எடுத்தால் பெரும்பாலும் 'நார்மல்' என்றுதான் வரும்.