குடித்தனம் கொடுத்தார்களா, கெடுத்தார்களா?

"ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்ற முழக்கத்தோடு 1970-ல் பிறந்தது குடிசை மாற்று வாரியம். 2021-ல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியது சரி, சிரிப்பு எங்கே? பெரும்பாக்கத்துக்கு வந்து தேடிப் பார்க்கும்படி மந்திரிகளை அழைக்கிறோம்.

கூவக்கரையில், தீவுத்திடலுக்கருகே இருந்த சத்தியவாணிமுத்து நகர்க் குடிசைகளை 2019 டிசம்பரில், பிள்ளைகளின் படிப்பு நடுவில் நிற்கிறதே என்றும் பாராமல் இடித்தார்கள். ஜனங்களைச் சுமார் 25 கிலோமீட்டருக்கு அப்பால், பெரும்பாக்கத்தின் எட்டடுக்கு வீடுகளில் கொண்டுபோய் இறக்கினார்கள். "காங்கிரீட் கூரை, தனிக் கதவு, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு.

அப்படி வந்திறங்கிய ஓர் இளம் தம்பதியை எண்ணிப் பாருங்கள். குடிசையில் அவர்களுக்கும் மாமியாருக்கும் நடுவே ஒரு பழைய சேலைதான் சுவர். தனி வீடு என்றதும் அவர்களும்தான் கனவு கண்டார்கள். இப்போது கதவு இருக்கிறது. அதைச் சாத்திக்கொண்டு இரண்டு வார்த்தை பேச அவன் வீட்டில் இல்லை! பாரிமுனையில் மூட்டை தூக்குகிறவன், விடியுமுன் பஸ் ஏறி ஊரடங்கிய பின் திரும்புகிறான். கட்டுப்படியாகாத வாரங்களில் அங்கேயே நடைபாதையில் படுத்துக்கொள்கிறான். நடந்தே போய் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்த அவளுக்கு அந்த வேலை போயிற்று. 2021 முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை; வரவேற்கிறோம். ஆனால் பறிபோன மணிநேரங்களை எந்த டிக்கெட் திருப்பித் தரும்? லிப்ட் நின்ற நாளில் கர்ப்பிணி ஏழு மாடி ஏறுகிறாள். "பெரும்பாக்கமா?" என்று விலாசம் கேட்டே வேலை மறுக்கிறார்கள். சினிமாவில் காதலைப் பிரிக்கப் பணக்கார அப்பா வருகிறார். இங்கே அந்த வேலையைச் சர்க்கார் உத்தரவே செய்துவிடுகிறது!

வெள்ள அபாயம் என்று சாக்குச் சொன்னார்கள். கொண்டுவந்து வைத்ததோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்! 2015-லும் 2023 டிசம்பரிலும் இதே பெரும்பாக்கத்தில் தண்ணீர் சூழ்ந்ததை ஆளவந்தார்கள் மறந்தார்களா? ஆக்கிரமிப்பு என்றார்கள். பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்களை நட்டது குடிசைவாசியா?

நகரத்துக்குள் இடமில்லை என்பதையும் நாம் ஏற்கவில்லை. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அடுக்குமாடி எழும்பியதே! (அதன் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது தனிக் கதை.) இனி ஒரு குடிசையைத் தொடுமுன் அங்கே இருப்பவர்கள் எங்கே பிழைக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள், அதற்கருகிலேயே வீடு கொடுங்கள். ஏற்கெனவே பெரும்பாக்கத்தில் தள்ளப்பட்டவர்களுக்குப் போதிய பஸ்ஸும், ஓடுகிற லிப்டும், அக்கம்பக்கத்தில் வேலையும் உடனே வேண்டும்.