பறக்கவைத்துத்தான் படம் எடுக்க வேண்டுமா?

மன்னாருக்குப் போய் வரும் எங்கள் உறவினர்களின் கைத்தொலைபேசிகளில் ஒரே மாதிரியான படம் ஒன்று இருக்கும். நீல வானில் ஒரு கூட்டம் பிளமிங்கோ, சிறகு விரித்து, செந்நிறமும் கறுப்புமாக. பார்ப்பவர்கள் "மாஷா அல்லாஹ்" என்பார்கள். அவை ஏன் பறந்தன என்று எவரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். முதலில் கை தட்டினார்களாம். அசையவில்லையாம். பிறகு கல் எறிந்தார்களாம். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

இதை ரசனை என்று என்னால் ஏற்க முடியவில்லை. துன்புறுத்தல் என்றுதான் சொல்வேன்.

நூல்களில் பூநாரை எனப்படும் இப்பறவை இரை தேடும் விதத்தை ஒரு தடவை பொறுமையாகப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கினால் சேற்றுநீரை உள்ளிழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற அமைப்பில் நுண்ணிய உயிரினங்களும் பாசியும் தங்கும். உம்மும்மாவிடம் இதைச் சொன்னபோது, "அரிசி அரிக்கிற மாதிரி" என்றார். அவ்வளவு சிறிய இரையால் வயிறு நிறைய மணிக்கணக்காகும். ஊசிவால் வாத்து போன்ற விருந்தாளிகளின் நிலை இன்னும் கடினம். மார்ச், ஏப்ரலில் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் திரும்பிப் பறக்க, உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். நம் ஒரு படத்துக்காக அவை எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்புத்தான் கரைகிறது.

வங்காலை 2008இல் சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆனால் பெயர்ப்பலகை கல்லைத் தடுக்காது. மன்னார்த் தீவின் காற்றாலைகளால் பறவைகளுக்குக் கேடு என்று பெரியவர்கள் காரசாரமாக வாதாடுகிறார்கள். வாதாடட்டும், அது அவசியமானதுதான். அதே வாயால் வாகனச் சாரதியிடம் "ஹோன் அடியுங்க, பறக்கட்டும்" என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

சும்மா இருந்தால் என்ன கிடைக்கும்? கடந்த டிசம்பர் விடுமுறையில் தலைமன்னார்ப் பக்கம் வானை நிறுத்தி, இறங்காமல், யன்னல் வழியாக இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த கறுப்பு அலகுடன் ஒரு நண்டுதின்னி எங்களை நோக்கியே நடந்து வந்தது. கரைப்பறவைகளில் அபூர்வமாக, மணலில் சுரங்கம் தோண்டி முட்டையிடும் பறவை அது. இராமர் அணையின் மணல் திட்டுகளிலும் குஞ்சு பொரிக்கிறது. வாகனத்துக்குள் இருப்பவர்களைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. இறங்கி ஓடினால்தான் வினை.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு தொலைநோக்கி?" என்ற கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள். தம்பிக்கு ட்ரோன் வாங்கலாமா என்ற பேச்சும் அதே வீட்டில்தான் நடந்தது. இரண்டில் எது பறவைகளைக் கலைக்கும் என்று வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.