பையில் முத்திரை இருக்கிறது, செய்தவர் எங்கே?

கைப்பை வாங்குகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. உபயோகித்த பைகள் விற்கும் கடைக்குப் போவார்கள். பையின் அழகையெல்லாம் பார்க்க மாட்டார்கள். நேராக உள்ளே கையை விட்டு, உள்பாக்கெட்டின் ஓரத்தைப் புரட்டி, செல்போன் டார்ச்சை அடித்து எதையோ தேடுவார்கள். தேடுவது காசோ கடிதமோ அல்ல. இரண்டு எழுத்து, நான்கு எண். அல்லது ஒரு கட்டத்துக்குள் ஒற்றை எழுத்து. அது கண்ணில் பட்டுவிட்டால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "ஒரிஜினல்தான்பா!"

அந்த நிம்மதியோடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை.

லட்சக்கணக்கில் விலை சொல்லும் இந்தத் தோல் பைகளில் இருப்பதைத் "தயாரிப்பாளர் முத்திரை" என்று சொல்வதே தப்பு. பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும்தான் அது உரக்கச் சொல்கிறது. தைத்தவர் யார், எந்தப் பட்டறையில், என்ன கூலிக்கு? இந்தக் கேள்விகளுக்கு அந்த முத்திரையிடம் பதில் இல்லை. இருக்கிற கொஞ்சநஞ்சப் பதிலும் வாங்குகிறவருக்குப் புரியாத சங்கேத மொழியில் இருக்கிறது. இது தற்செயலாக நடந்ததா? பார்ப்போம்.

முத்திரை எதற்கு வந்தது?

பெருமை பேச வந்ததல்ல முத்திரை. தப்பு செய்தவரைப் பிடிக்க வந்தது.

இங்கிலாந்தில் 1300-ல், முதலாம் எட்வர்ட் காலத்தில் வந்த சட்டம், வெள்ளிச் சாமான்களைச் சோதித்துச் சிறுத்தைத் தலை முத்திரை குத்தச் சொன்னது. 1363-ல் ஒவ்வொரு பொற்கொல்லரும் தனக்கென்று ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, செய்த பொருளில் அதையும் குத்த வேண்டும் என்று ஆனது. வெள்ளியில் கலப்படம் இருந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமே, அதற்கு.

ஆடம்பரப் பைகளின் தாய்வீடான பிரான்சிலும் இதே கதைதான். 1797 சட்டப்படி வெள்ளி வேலை செய்பவர் ஒரு சாய்சதுரத்துக்குள் தன் முதலெழுத்துகளையும் ஒரு சின்னத்தையும் குத்த வேண்டும். வெள்ளியின் தரத்துக்கு அரசாங்கம் தனியாக இன்னொரு முத்திரை குத்தும். 1838 முதல் அது மினர்வா தேவியின் தலை.

ஆக, இரண்டு முத்திரை, இரண்டு கை. செய்தவர் தன் பெயருக்குப் பொறுப்பேற்றார். விற்பனையில் லாபமில்லாத மூன்றாம் ஆள் தரத்துக்குப் பொறுப்பேற்றார். இதை மனதில் வைத்துக்கொண்டு தோல் பைக்கு வாருங்கள்.

பெயர்ப் பலகையைச் சுமப்பவர்கள்

லூயி வுய்ட்டன் 1854-ல் பாரிஸில் பயணப் பெட்டிக் கடை தொடங்கினார். பெட்டிகள் பிரபலமானதும் போலிகள் வந்தன. 1888-ல் சதுரங்கக் கட்டம் போட்ட துணி வந்தது. "பதிவு செய்யப்பட்ட வணிகச்சின்னம்" என்று அந்தத் துணியிலேயே அச்சடித்தார்கள். அதுவும் போதவில்லை. 1896-ல் மகன் ஜார்ஜ், எல்லோருக்கும் தெரிந்த அந்த எழுத்தும் பூவும் பின்னிய டிசைனைக் கொண்டுவந்தார். போலியைத் தடுக்க வந்த டிசைன், உலகத்திலேயே அதிகம் போலி அடிக்கப்படும் டிசைன்களில் ஒன்றாக ஆனதுதான் வேடிக்கை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பழுப்பு நிறப் பையை "லெதர் பேக்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். அதன் உடம்பு தோலே அல்ல. பருத்திக் கித்தான் துணிமேல் பிளாஸ்டிக் பூச்சு. கைப்பிடி, வார், ஓரப்பட்டை இவைதான் தோல். நிறுவனம் இதை மறைக்கவில்லை, கேன்வாஸ் என்றே சொல்கிறது. ஆனால் பை முழுக்க நிறைந்திருக்கும் எழுத்துகளில் இந்த விஷயத்துக்கு இடமில்லை. வெள்ளியில் மினர்வா தலை செய்த வேலையை இங்கே செய்ய ஆளில்லை.

சங்கேதத்தைப் படிப்பது எப்படி?

சரி, டார்ச் அடித்துத் தேடுகிற சமாச்சாரத்துக்கு வருவோம்.

லூயி வுய்ட்டன் பைகளில் 1980-களிலிருந்து தேதிக் குறியீடு உண்டு. 1990 முதல் 2006 வரையிலான பைகளில் இரண்டு எழுத்து, நான்கு எண். எழுத்துகள் தொழிற்சாலையைச் சொல்லும். முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் மாதம், இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தால் வருடம். 2007 முதல் மாதத்துக்குப் பதில் வாரம். உதாரணத்துக்கு "எஸ்.டி. 2187" என்றால் 2017-ஆம் வருடம் 28-ஆவது வாரம். சேகரிப்பாளர்கள் தொகுத்த பட்டியல்படி எஸ்.டி. என்பது அமெரிக்கத் தொழிற்சாலை. ஆமாம், பாரிஸ் பெயர் போட்ட பை அமெரிக்காவிலும் தயாராகிறது. 2019-ல் டெக்சஸில் இன்னொரு பட்டறையும் திறந்தார்கள், டிரம்ப் வந்து!

இந்தக் குறியீடு ஒரு பைக்கு ஒன்று என்ற வரிசை எண் அல்ல. ஒரே வாரம் ஒரே இடத்தில் தயாரான பைகளுக்கெல்லாம் ஒரே குறியீடுதான். போலி அடிப்பவருக்கு இதைக் குத்த எவ்வளவு நேரமாகும்? "ஒரிஜினல்தான்பா" நிம்மதியின் லட்சணம் இவ்வளவுதான்.

ஹெர்மெஸ் கதை இன்னும் சுவாரசியம். 1945-ல் ஏ என்ற எழுத்தில் தொடங்கி வருடத்துக்கு ஓர் எழுத்து. 1971 முதல் 1996 வரை வட்டத்துக்குள், 1997 முதல் 2014 வரை சதுரத்துக்குள். 2015-லிருந்து வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, அகரவரிசையும் இல்லை. 2015 டி, 2016 எக்ஸ், 2017 ஏ, 2018 சி என்று தாவிக்கொண்டே போகிறது. பட்டியலை மனப்பாடம் செய்யாமல் படிக்க முடியாது.

அபூர்வத் தோல் என்றால் அதற்கும் குறி உண்டு. உப்புநீர் முதலைக்கு ஒரு கூரைக் குறி, நைல் முதலைக்கு இரண்டு புள்ளி, அமெரிக்க அலிகேட்டருக்குச் சின்னச் சதுரம், உடும்பு வகைகளுக்குக் கோடுகள். பாராட்ட வேண்டிய விஷயம். தோல் எந்த மிருகத்துடையது என்று பையே சொல்கிறது.

பையைச் செய்த கைவினைஞருக்கும் ஒரு குறி உண்டு. ஒரு பையை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒருவரே தைப்பது ஹெர்மெஸின் வழக்கம். பழுதுக்கு வந்தால் யார் செய்தது என்று கண்டுபிடித்துவிடலாம். நிறுவனம் கண்டுபிடிக்கலாம், வாங்கியவர் முடியாது. முதலையின் இனத்தை ஊரே படிக்கலாம், மனிதரின் பெயர் மட்டும் ரகசியம்! 2025 ஜூலையில், ஜேன் பர்கினுக்காகச் செய்த முதல் பர்கின் பை பாரிஸ் ஏலத்தில் கட்டணம் உட்பட சுமார் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. அதன் மூடியில் ஜே.பி. என்று பொறித்திருக்கிறது. பையைத் தூக்கியவரின் முதலெழுத்து. தைத்தவரின் முதலெழுத்தைப் பற்றி யாராவது பேசினார்களா?

53 யூரோ

"பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு மிலான் நீதிமன்றம் பதில் வைத்திருக்கிறது.

2024 ஏப்ரலில் அர்மானி குழுமத்தின் ஒரு பிரிவையும், ஜூனில் டியோரின் இத்தாலியத் தயாரிப்புப் பிரிவு ஒன்றையும் அந்த நீதிமன்றம் தன் நிர்வாகக் கண்காணிப்பில் கொண்டுவந்தது. நிறுவனங்கள்மீது நேரடிக் குற்றவழக்கு இல்லை. தங்களுக்கு வேலை செய்து கொடுத்த ஒப்பந்தக்காரர்களை ஒழுங்காகக் கவனிக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் வேலை செய்யும் இடத்திலேயே தூங்கினார்கள். வேகம் கூட்ட இயந்திரங்களின் பாதுகாப்புக் கவசங்களைக் கழற்றியிருந்தார்கள். கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற ஒரு டியோர் பைக்கு, ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது 53 யூரோ. தோல் முதலான மூலப்பொருள் செலவு இதில் சேராது. சேர்த்துப் பார்த்தாலும் 53-க்கும் 2,600-க்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம்!

பட்டறைகளின் நிலைமையைக் கண்டித்து, அங்கே ஆர்டரை நிறுத்திவிட்டதாக டியோர் சொன்னது. 2025 பிப்ரவரியில் கண்காணிப்பும் விலக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் இத்தாலியப் போட்டி ஆணையம், தொழிலாளர் நலன் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்கும்படி பேசியதற்காக அர்மானிக்கு 35 லட்சம் யூரோ அபராதம் போட்டது.

இதில் முத்திரையின் பங்கு என்ன? அந்தப் பைகளில் "மேட் இன் இத்தாலி" என்று இருந்தது. அது பொய்யா? இல்லை! பட்டறை இத்தாலியில்தான். ஐரோப்பியச் சட்டப்படி கடைசியாகக் கணிசமான வேலை எங்கே நடந்ததோ அதுவே பிறந்த ஊர். ஒவ்வொரு எழுத்தும் உண்மை. ஒரிஜினல் முத்திரை, ஒரிஜினல் தோல், ஒரிஜினல் வேதனை. டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்கு இதில் எது தெரிந்திருக்கும்?

அவர்கள் சொல்லும் சமாதானங்கள்

முதல் சமாதானம்: "விவரம் சொன்னால் போலிக்காரனுக்கு வசதி." சொல்லாததால் போலி ஒழிந்ததா? 2012-ல் பிரெஞ்சு போலீஸ் பிடித்த போலி பர்கின் கும்பலில் ஹெர்மெஸ் ஊழியர்களே இருந்தார்கள். 2020-ல் பாரிஸில் விசாரணை நடந்தது. ரகசியம் வெளியாளிடமிருந்து காப்பாற்றியிருக்கலாம். உள்ளே இருப்பவரிடமிருந்து?

இரண்டாவது: "காசு பெயருக்குத்தான், வாங்குகிறவர்களுக்கே தெரியும்." அப்படியானால் விளம்பரத்தில் ஊசியும் மெழுகு நூலும் வயதான கைகளும் எதற்கு? கைவேலையைக் காட்டிக் காசு வாங்கிவிட்டு, கைக்குச் சொந்தக்காரரைக் கேட்டால் மட்டும் பெயருக்குத்தான் விலை என்பது என்ன நியாயம்?

மூன்றாவது: "இப்போது சிப் வந்துவிட்டது." வந்துவிட்டதுதான். 2021 மார்ச்சிலிருந்து லூயி வுய்ட்டன் தேதிக் குறியீட்டை விட்டுவிட்டு மைக்ரோசிப்புக்கு மாறியது. ஷனேலும் அதே வருடம், 1980-களிலிருந்து ஒட்டிவந்த எண் ஸ்டிக்கரையும் கூடவே தந்த அட்டையையும் விட்டுவிட்டு, சிப் பதித்த உலோகத் தகடுக்கு மாறியது. முன்பு குறியீடு அரைகுறையாகவாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஊர், வாரம், வருடம் என்று பொறுமை உள்ளவர் படித்துவிடலாம். இப்போது விவரங்களின் சாவி நிறுவனத்திடம் மட்டும். காசு கொடுத்து வாங்கிய பையின் பூர்வீகம் பற்றி, விற்றவர் சொன்னால்தான் உண்டு.

என்ன வேண்டும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தப் பட்டறை, எந்த வருடம், உடம்பு எந்தப் பொருள், தோல் எங்கே பதனிட்டது. தைத்தவர் விரும்பினால் அவர் பெயர், விரும்பாவிட்டால் அவருடைய குறி. இவை எல்லோரும் படிக்கும்படி இருக்க வேண்டும். இவற்றைச் சரிபார்க்க, விற்பனையில் பங்கில்லாத ஒரு மூன்றாம் கை வேண்டும்.

நடக்கிற காரியமா? இந்தியாவில் நடந்திருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகையில் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. குறி கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைத் தட்டினால் தூய்மை என்ன, எந்த மையம் சோதித்தது, எந்த நகைக்கடை பதிவு என்று வந்துவிடும். ஒரு பவுன் சங்கிலியால் முடிகிறது. பல ஆயிரம் யூரோ பையால் முடியாதாம்!

அடுத்த முறை யாராவது உள்பாக்கெட்டில் டார்ச் அடித்து "ஒரிஜினல்தான்பா" என்று சிரித்தால், பக்கத்தில் நிற்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்: "சரி, தைத்தது யாரு?" கடைக்காரருக்குத் தெரியாது. பைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். சொல்ல வைக்கிறவரை, அது வெறும் விளம்பரம். அதைக் காசு கொடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கத் திரிவதுதான் மிச்சம்.